31 வயதில் ஆட்டத்தை விட்டு இன்ஜினியரிங்: இந்த வழியில் போனவர்கள் யாராவது உண்டா?

லெஃப்ட்பேக்31

20 வயதிலிருந்து சம்பளம் வாங்கிக் கால்பந்து ஆடுகிறேன். பெயரைச் சொன்னாலும் யாருக்கும் தெரியாது; இரண்டாம் நிலை லீக், லெஃப்ட் பேக். முட்டியின் ஏசிஎல் தசைநார் இரண்டாவது முறை அறுந்து, அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறது. புதுப்பிப்பதைப் பற்றிக் கிளப்பில் யாரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று உடைமாற்றும் அறையில் இத்தனை வருடம் உட்கார்ந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிவில் இன்ஜினியரிங் முதல் வருடம் முடித்திருந்தேன். கிளப் கூப்பிட்டதும் பாதியில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். இப்போது மறுபடி உட்கார்ந்து படிக்கலாமா என்று ஒரு நப்பாசை. வீட்டில் எல்லோரும் 'கோச் லைசென்ஸ் எடு' என்கிறார்கள். கோச் ஆனவர்கள், டிவியில் பேசப் போனவர்கள் கதையெல்லாம் போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டாகிவிட்டது. ஆட்டத்தை விட்டபிறகு நிஜமாகவே இன்ஜினியராக வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்களா? அவர்கள் பிழைப்பு எப்படிப் போனது? 'முடியும் என்று நம்பு' வகை வசனங்கள் வேண்டாம், ப்ளீஸ்.

புள்ளிவிவரப்பூனை

முதலில் ஞாபகம் வருபவர் மானுவல் பெல்லெக்ரினி. மான்செஸ்டர் சிட்டிக்கு 2014-இல் பிரீமியர் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்த அதே ஆள். 1979-இல் சிவில் இன்ஜினியரிங் பட்டம் பெற்றவர், அதனால்தான் 'இன்ஜினியர்' என்றே பட்டப்பெயர். இதில் ஒரு வேடிக்கை: படித்தது சிலியின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில், ஆடியது அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கும் அணிக்குப் பரம எதிரியான உனிவர்சிடாட் டி சிலி அணியில். 1973 முதல் 1986 வரை ஒரே அணி, சென்டர் பேக்.

ஓய்வு பெற்ற கதையை அவரே சொல்லியிருக்கிறார். ஒரு ஆட்டத்தில் பந்து மேலே எழும்புகிறது, இவர் குதிக்கிறார். கூடக் குதித்த ஒரு பொடியன் இவரைத் தாண்டி எழும்பித் தலையால் முட்டி கோல் போட்டுவிடுகிறான். சரி, நம் காலம் முடிந்தது என்று இவர் அந்த சீசனோடு நிறுத்திக்கொண்டார். அந்தப் பொடியன்தான் பின்னாளில் ரியல் மாட்ரிட்டில் கோல்களாகக் குவித்த இவான் சமோரானோ. யார் என்று அப்போதே தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஆடியிருப்பேனே என்று பின்னாளில் வேடிக்கையாகச் சொன்னார் மனிதர்.

இன்னொருவர் பெர்னாண்டோ சான்டோஸ். போர்ச்சுகலுக்கு 2016 யூரோ கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர். தடுப்பாட்டக்காரராக இருந்தவர், 1977-இல் மின்னியல், தொலைத்தொடர்பு இன்ஜினியரிங் முடித்தார். எஸ்டோரில் நகரத்து ஓட்டல் ஒன்றில் பராமரிப்புப் பொறுப்பில் வேலையும் பார்த்தார். அவருக்கும் அதே 'இன்ஜினியர்' பட்டப்பெயர்தான்.

கேள்விக்குறி

பூனையாரே, லெஃப்ட்பேக் கேட்டதே 'கோச் ஆனவர்கள் கதை வேண்டாம்' என்று. நீங்கள் கொடுத்த இரண்டு பேரும் கோச்சுகள்! இன்ஜினியரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டத்துக்கே திரும்பியவர்கள். ஷாகா ஹிஸ்லாப்பும் அப்படித்தான்: ஹோவார்டு பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் முடித்து, நாசாவில் பயிற்சி மாணவராகவும் இருந்துவிட்டு, கோல் கீப்பராகப் போனார். 2006 உலகக் கோப்பையில் டிரினிடாட் அணிக்காக ஸ்வீடனை ஒரு கோல்கூடப் போடவிடாமல் தடுத்து நின்றது அவர்தான். அருமையான ஆள், ஆனால் திசை தலைகீழ்.

ஆட்டத்திலிருந்து இன்ஜினியரிங்குக்குப் போய் அங்கேயே தங்கியவர் ஒருவரையாவது காட்டுங்கள்.

விண்கல்

லீலண்ட் மெல்வின். லெஃப்ட்பேக், இவர் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், உங்களுக்கு நெருக்கமாக இருக்கும்.

பள்ளிக்கூட அணியில் ஆடும்போது ஒரு முக்கியமான ஆட்டம். கோல் எல்லைக்குள் தனியாக நிற்கிறார், பந்து நேராகக் கைக்கு வருகிறது, நழுவ விட்டுவிடுகிறார். பார்க்க வந்திருந்த ரிச்மண்ட் பல்கலைக்கழக ஆள் எழுந்து வெளியே நடக்கத் தொடங்கிவிட்டார். கோச் இவரைத் திட்டவில்லை. அதே திட்டத்தை மறுபடி ஆடச் சொல்லி அனுப்பினார். இந்த முறை பிடித்துவிட்டார். கூட்டத்தின் சத்தம் கேட்டு அந்த ஆள் வாசலிலிருந்து திரும்பி வந்தார், உதவித்தொகையும் வந்தது. அங்கே வேதியியல் படித்துக்கொண்டே ஆடினார்.

1986-இல் டெட்ராய்ட் லயன்ஸ் அணி, புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்வில் அவரை 11வது சுற்றில் எடுத்தது. பயிற்சி முகாமில் பின்தொடைத் தசை இழுத்துக்கொண்டது. அடுத்த வருடம் டாலஸ் கவ்பாய்ஸ். அங்கேயும் அதே தசை. அவ்வளவுதான், தொழில்முறை வாழ்க்கை முடிந்தது. லீக் சீசனில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

டாலஸில் இருந்தபோது பகலில் பந்து பிடிக்கும் பயிற்சி. இரவில், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் பொருளறிவியல் வகுப்புகளை வீடியோ கேசட்டில் போட்டுப் பார்ப்பாராம். மற்றவர்கள் எதிரணியின் ஆட்டத்தை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் அறையில் உலோகங்களின் படிக அமைப்பு ஓடிக்கொண்டிருக்கும். 1989-இல் நாசாவின் லாங்லி ஆராய்ச்சி மையத்தில் சேர்ந்தார், 1991-இல் முதுகலை முடித்தார். பொருளைச் சேதப்படுத்தாமல் அதற்குள் இருக்கும் பழுதைக் கண்டுபிடிக்கும் பிரிவில் வேலை. 1998-இல்தான் விண்வெளி வீரராகத் தேர்வானார். அதாவது ஏறக்குறைய ஒன்பது வருடம் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்த இன்ஜினியர். பலரும் அந்த ஒன்பது வருடத்தை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

அப்புறமும் நேராகப் போகவில்லை. 2001-இல் விண்நடைக்காகப் பெரிய நீச்சல் தொட்டியில் பயிற்சி செய்யும்போது, காதின் அழுத்தத்தைச் சரிசெய்ய மூக்கை அழுத்திக்கொள்ளும் சின்ன மெத்தை ஹெல்மெட்டுக்குள் இல்லை. மேலே தூக்கியபோது காதில் ரத்தம். கேட்கும் திறன் போய்விட்டது. ஓரளவு திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. பறக்கத் தகுதியில்லை என்று நிறுத்திவைத்தார்கள். பிறகு அனுமதி கிடைத்து 2008-இலும் 2009-இலும் அட்லாண்டிஸில் பறந்தார். முதல் பயணத்தில் கொலம்பஸ் ஆய்வுக்கூடத்தை விண்வெளி நிலையத்தோடு இணைத்தபோது இயந்திரக் கையை இயக்கியவர்களில் ஒருவர்.

ஓரத்துநடுவர்

விசில் அடிக்கிறேன். இது அமெரிக்கக் கால்பந்து. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டத்தை இந்த இழையில் சேர்ப்பது ஆஃப்சைடு.

விண்கல்

பின்தொடைத் தசைக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது நடுவரே. முழு வேகத்தில் ஓடும்போது, கால் முன்னால் நீண்டு தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் அந்தத் தசை நீளும், அதே நேரம் காலைப் பிடித்து இழுத்து நிறுத்தவும் வேண்டும். கிழிவது பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான். ஒருமுறை கிழிந்த இடம் மறுபடி கிழியும் வாய்ப்பும் அதிகம். எந்தப் பந்தாக இருந்தால் என்ன?

மீயொலி

மெல்வின் பார்த்த வேலை என் தொழில் என்பதால் மூக்கை நுழைக்கிறேன். பழுதறியும் சோதனைக்காரன் நான்.

எங்கள் வேலையில் பாதி, காசால் தட்டி ஓசையைக் கேட்பது போன்ற பழைய சங்கதிகள்தான். அடுக்கடுக்கான கலப்புப் பொருளில் அடுக்கு பிரிந்திருந்தால் 'டொக்' என்று செத்த சத்தம் வரும். மெல்வின் ஆட்கள் செய்தது அடுத்த கட்டம். கண்ணாடி இழைக்குள் மிக நுணுக்கமான வரிகளைப் பதித்துவிடுவார்கள். அந்த வரிகள் ஒரே ஒரு அலைநீள ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும். இழை கொஞ்சம் நீண்டால் வரிகளின் இடைவெளி மாறும், திரும்பி வரும் அலைநீளமும் மாறும். இழையை எரிபொருள் டாங்கியிலோ இறக்கையிலோ ஒட்டிவிட்டால், அந்த இடம் எவ்வளவு இழுபடுகிறது என்று அதுவே சொல்லிக்கொண்டிருக்கும்.

அளவைப் பாருங்கள். 1550 நானோமீட்டர் ஒளியில், பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீட்சிக்கு நகர்வு ஏறக்குறைய 1.2 பிகோமீட்டர் (நானோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் பிகோமீட்டர்). ஒரே ஒரு டிகிரி வெப்பம் ஏறினாலோ 10 பிகோமீட்டர் அளவுக்கு நகர்ந்துவிடும். வெப்பத்தைத் தனியாக அளந்து கழிக்காவிட்டால், வெயில் பட்டதையே 'டாங்கி இழுபடுகிறது' என்று எழுதிவிடுவீர்கள். புதியவர்கள் எல்லோரும் விழுகிற பள்ளம் இதுதான்.

அவர் பின்னர் எக்ஸ்-33 என்ற விண்கலத் திட்டத்தில், வாகனத்தின் உடல்நிலையைக் கண்காணிக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அந்தத் திட்டம் பிழைக்கவில்லை. அவர் விண்வெளி வீரர் பயிற்சிக்குப் போன பிறகு, 1999 நவம்பரில், அதன் திரவ ஹைட்ரஜன் டாங்கி சோதனையில் தோற்றது. உள்சுவரில் நுண்விரிசல் வழியாக ஹைட்ரஜன் தேன்கூட்டு அடுக்குக்குள் புகுந்துகொண்டது. வெப்பம் ஏறியதும் உள்ளேயே விரிந்து சுவரைப் பிய்த்துவிட்டது. 2001-இல் திட்டத்தையே மூடினார்கள். ஒரு தோல்விக்குக் காரணம் கண்டுபிடிக்கவே மாதக்கணக்காகும் தொழில் இது. ஞாயிற்றுக்கிழமை தோற்று, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெயித்துப் பழகியவர்களுக்கு இந்த நிதானம் கடுப்பேற்றும், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

பழைய4ஆம்நம்பர்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். நான் அந்த வழியில் போனவன். ஏழு சீசன் தொழில்முறை ஆட்டம், சென்டர் பேக். 28 வயதில் கணுக்கால் முடிந்துவிட்டது. 29-இல் மெக்கானிக்கல் முதலாமாண்டு. இப்போது பம்ப், மோட்டார், கம்ப்ரசர் போன்றவற்றின் அதிர்வை அளந்து, எது எப்போது கெடும் என்று சொல்லும் வேலை. பதினோரு வருடமாகிறது.

தம்பி, வசனம் வேண்டாம் என்றாய். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதல் வருடம் அவமானம்தான். கூடப் படித்தவர்களுக்கு 18 வயது. முதல் வாரமே என்னை 'அங்கிள்' ஆக்கிவிட்டார்கள். தொகை நுண்கணித வகுப்பில் ஆசிரியர் பலகையில் எழுதியதை நோட்டில் படம் வரைவது போல் வரைந்து வந்தேன், ஒரு வரிகூடப் புரியவில்லை. முதல் தேர்வில் நூற்றுக்குப் பதினேழு. என் ஜெர்சி நம்பரைவிட அதிகம் என்று மனைவி சிரித்தாள். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன், பின்னம் கூட்டுவதிலிருந்து. நான்கு மாதம் பிடித்தது.

சனிக்கிழமை மாலைகள் அதைவிட மோசம். பத்து வருடமாக அந்த நேரத்தில் வயிற்றில் ஒரு கலக்கம் இருக்கும். உடம்புக்கு அது பழகிப்போய், ஆட்டமே இல்லாத சனிக்கிழமையிலும் நாலு மணிக்குக் கலங்கும். ஒன்றரை வருடம் அப்படி இருந்தது.

இனி வேலை. 'குழுவாக உழைப்பது, ஒழுக்கம்' என்று நேர்முகத் தேர்வுகளில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு உண்மையில் கைகொடுத்தது வேறொன்று: திங்கட்கிழமை வீடியோ அறை. நான் ஆளை விட்டதால் விழுந்த கோலை, இருபத்தைந்து பேர் முன்னால் நிறுத்தி நிறுத்தி நாலு தடவை போட்டுக் காட்டுவார்கள். 'இங்கே எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய்?' என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். அலுவலகத்தில் வந்து பார்த்தால், தவறு நடந்தால் அறிக்கையில் வினைச்சொல்லையே மாற்றிவிடுகிறார்கள். 'நான் தவறாகக் கணித்தேன்' என்று எழுத ஆள் இல்லை. 'கணிப்பில் வேறுபாடு காணப்பட்டது' என்று எழுதுகிறார்கள்.

அந்தப் பழக்கம் எனக்கு எப்போது உதவியது தெரியுமா? வேலைக்குச் சேர்ந்த எட்டாவது மாதம். ஒரு பெரிய பம்ப், மோட்டார் நிமிடத்துக்கு 1480 சுற்று. அதிர்வு ஏறிக்கொண்டே போனது. வரைபடத்தைப் பார்த்து பேரிங் போய்விட்டது என்று அடித்துச் சொன்னேன். பம்பை நிறுத்தி, பேரிங்கை மாற்றி, ஓட்டினார்கள். அதிர்வு அப்படியே இருந்தது. கழற்றிய பேரிங்கைக் கையில் வைத்துச் சுற்றிப் பார்த்தேன், வெண்ணெய் போல் சுற்றியது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற பத்துப் பேரின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. சொந்த கோல் போட்டவனுக்குத் தெரியும் அந்த முகங்கள்.

அங்கே இருந்த மூத்த ஃபிட்டர் ஒருவர் நீள ஸ்குரூ டிரைவர் ஒன்றை எடுத்தார். முனையை மோட்டாரின் ஒவ்வொரு காலிலும் வைத்து, கைப்பிடியைக் காது எலும்பில் அழுத்திக் கேட்டார். பிறகு என் அளவுமானியை ஓட விட்டு, அஸ்திவார போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்கச் சொன்னார். மூன்றாவது போல்ட்டைத் தளர்த்தியதும் அதிர்வு சடாரென்று பாதியாக இறங்கியது. மோட்டாரின் ஒரு கால் தரையோடு சரியாக உட்காரவில்லை. போல்ட்டை இறுக்கும்போதெல்லாம் உடம்பே முறுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. நாலு காலில் ஒன்று குட்டையான நாற்காலி மாதிரி. மெல்லிய தகடு ஒன்றைச் செருகினோம், முடிந்தது.

அன்று இரவு அறிக்கையில், 'பேரிங் பழுது என்று நான் சொன்னது தவறு. காலின் அமர்வைச் சோதிக்காமலேயே முடிவு சொன்னேன்' என்று எழுதினேன். மேலாளர் அந்த வரியை எடுத்துவிடலாமே என்றார். வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகுதான் ஃபிட்டர்கள் என்னிடம் பேச ஆரம்பித்தார்கள். அவர்களிடமிருந்துதான் பாதித் தொழிலைக் கற்றேன்.

கேள்விக்குறி

நல்ல கதை. ஆனாலும் ஒரு குறுக்குக் கேள்வி. இங்கே வந்து எழுதுவது கரையேறியவர்கள் மட்டும்தானே? முதல் வருடத்தோடு விட்டுவிட்டுப் போனவர்கள் இழையில் வந்து எழுதப் போவதில்லை. மெல்வின் ஏற்கனவே வேதியியல் பட்டத்தோடு வந்தவர். பெல்லெக்ரினி ஆடும்போதே படித்து முடித்தவர். ஜோஷுவா டாப்ஸ் என்று ஒருவர், அமெரிக்கக் கால்பந்தில் பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக், விண்பொறியியல் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் லீக்குக்கே வந்தார். கவனித்தீர்களா? யாரும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கவில்லை.

பழைய4ஆம்நம்பர்

ஒப்புக்கொள்கிறேன். என்னோடு சேர்ந்த இன்னொரு ஆட்டக்காரர் இரண்டாம் செமஸ்டரில் நின்றுவிட்டார். அறிவில் என்னைவிடக் கூர்மையானவர். இரண்டு குழந்தைகள், சேமிப்பு கரைந்துவிட்டது, அவ்வளவுதான் காரணம். தம்பி, முதலில் அந்தக் கணக்கைப் போடு. எத்தனை மாதம் வருமானம் இல்லாமல் ஓட்ட முடியும் என்று. நான் பகுதிநேரமாகப் படித்ததால் ஐந்தரை வருடம் ஆனது.

புள்ளிவிவரப்பூனை

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: தலை. ஜான் உர்ஷல் தெரியுமா? பால்டிமோர் ரேவன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆடியவர். இன்ஜினியர் இல்லை, கணிதக்காரர். ஆடும்போதே எம்ஐடி பல்கலைக்கழகத்தில் முனைவர் படிப்பு. 2015-இல் தலையில் அடிபட்டு மயங்கிவிழுந்தார். கொஞ்ச காலத்துக்கு உயர் கணிதம் போடத் தடுமாறியதாக அவரே சொன்னார். 2017 ஜூலையில், இறந்துபோன அமெரிக்கக் கால்பந்து லீக் வீரர்கள் 111 பேரின் மூளையைச் சோதித்ததில் 110 பேருக்குச் சிதைவு நோய் என்று ஓர் ஆய்வு வெளிவந்தது. இரண்டே நாளில் 26 வயதில் ஓய்வை அறிவித்துவிட்டார். 2021-இல் முனைவர் பட்டம்.

கேள்விக்குறி கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: அந்த மூளைகள் பெரும்பாலும் அறிகுறி இருந்ததால் குடும்பத்தார் தானமாகக் கொடுத்தவை, அதனால் எல்லா வீரர்களுக்கும் அதே விகிதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் நம் காலால் ஆடும் ஆட்டத்திலும் 2019-இல் ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்களை ஆராய்ந்ததில், மூளை நரம்புச் சிதைவு நோயால் இறப்பது மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகம் என்று வந்தது. 2021-இலிருந்து இங்கிலாந்தில், வேகமாக வரும் பந்தைத் தலையால் அடிப்பது பயிற்சியில் வாரத்துக்குப் பத்துக்குள் இருக்கட்டும் என்று வழிகாட்டியிருக்கிறார்கள்.

ஓரத்துநடுவர்

சென்டர் பேக்குகள் நாங்கள் ஒரு காலைப் பயிற்சியிலேயே அறுபது தடவை முட்டியிருக்கிறோம். என் ஞாபக மறதிக்கு இனி ஒரு காரணம் கிடைத்தது.

லெஃப்ட்பேக்31

எல்லோருக்கும் நன்றி. 4ஆம் நம்பர் அண்ணா, நூற்றுக்குப் பதினேழு கதைக்குத் தனி நன்றி. சேமிப்புக் கணக்கு போட்டேன்: இழுத்துப் பிடித்தால் இருபது மாதம். பகுதிநேரம்தான் சரிப்படும் போலிருக்கிறது.

நேற்று இரவு முட்டிக்கு ஐஸ் கட்டிக்கொண்டு, பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய நோட்டை எடுத்தேன். முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன். 6 மீட்டர் உத்திரம், இரண்டு முனையிலும் தாங்கல். இடது முனையிலிருந்து 2 மீட்டரில் 12 கிலோநியூட்டன் சுமை. இடது தாங்கலுக்கு 4, வலது தாங்கலுக்கு 8 என்று எனக்கு வருகிறது. கூட்டினால் 12, சரியாக இருக்கிறது. ஆனால் சுமை இருக்கும் இடத்தில் வளைவுத் திருப்பம் (பெண்டிங் மொமென்ட், அதாவது தாங்கல் விசையைத் தூரத்தால் பெருக்கியது) கணக்கிட்டால், இடப்பக்கமிருந்து 8 வருகிறது, வலப்பக்கமிருந்து 32. இரண்டும் ஒன்றாக அல்லவா வர வேண்டும்? எங்கே சறுக்கினேன்?

பழைய4ஆம்நம்பர்

இரண்டு பக்கமும் சரிபார்த்தாய் பார், அது நல்ல பழக்கம். சூத்திரத்தை மூடி வைத்துவிட்டு யோசி. சுமை எந்தத் தாங்கலுக்குப் பக்கத்தில் இருக்கிறது? ஆபரேஷன் ஆன காலுக்குப் பக்கத்தில் மூட்டையைத் தூக்கினால் எந்த முட்டி கத்தும்?

லெஃப்ட்பேக்31

அட. மாற்றிப் போட்டிருக்கிறேன். இடதுக்கு 8, வலதுக்கு 4.

இடமிருந்து 16. வலமிருந்தும் 16.

ஓரத்துநடுவர்

ஆட்டம் சமன்.

பழைய4ஆம்நம்பர்

அடுத்த கணக்கைப் போட்டு அனுப்பு. இந்த முறை பரவிய சுமை.